பத்து மணி நேரத்தை விற்றது யார்

பதினோரு வருஷமாக அவர் ஒரே ஒரு ஆத்திரத்தைச் சுமந்துகொண்டு திரிந்தார். பொண்டாட்டியிடம் வருகிற கோபம் சாப்பாட்டுத் தட்டு வருவதற்குள் போய்விடும். பிள்ளைகளிடம் வருவது தூங்கி எழுந்தால் போய்விடும். கன்டினியூட்டி அக்காவின் மேல் வந்தது மட்டும் தொண்டையில் சிக்கிய முள் மாதிரி உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

அவருக்கு வேலை படப்பிடிப்பில் விளக்கு வைப்பது. லைட்மேன்கள் பன்னிரண்டு பேருக்கு சீஃப். தளத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஃபியூஸ்' என்றால்தான் தெரியும். பட்டென்று போய்விடுகிற ஆள் என்பதால் வந்த பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு முகத்துக்கு நேரே 'ஃபியூஸண்ணே' ஆகிவிட்டது.

ஆத்திரத்துக்குக் காரணம் இதுதான். ஒரு நாள் வேலை முடிந்து கலைவதற்கும் மறுநாள் வந்து நிற்பதற்கும் நடுவில் பத்து மணி நேரம் வேண்டும் என்று சங்கம் கேட்டது. சம்பளத்தைக் கூட்டு என்று கேட்கவில்லை. தூங்க விடு என்றுதான் கேட்டது. ஏழில் ஆரம்பித்த தயாரிப்பாளர்கள் ஆறு வாரம் பேசிப் பேசி ஒன்பதுக்கு வந்திருந்தார்கள். இன்னும் ஒரு தள்ளு தள்ளினால் பத்து. ஆனால் கடைசி நாள் காலையில் வந்து உட்கார்ந்து, எட்டு என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்கள். சங்கம் வேலைநிறுத்தம் செய்யாது என்பது அவர்களுக்குத் தெரிந்துபோயிருந்தது. அந்த ரகசியம் தெரிந்தவர்கள் மொத்தம் ஏழு பேர். அதில் ஆறு பேருக்கு ஃபியூஸ் ஜாமீன் நிற்பார். அந்த ஆறில் அவரும் ஒருவர். ஏழாவது ஆள் அக்கா.

அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பதினெட்டு வயசில் உடைப் பிரிவில் பொத்தான் தைக்க வந்தவர். ஒரு நாள் கேமரா ஓடப்போகிற நேரம், மூலையில் இருந்து ஒரு குரல்: "சார், நேத்து அவர் சட்டைக் கை மூணு மடிப்பு. இன்னைக்கு ரெண்டுதான் இருக்கு." டைரக்டர் திட்டத்தான் வாயைத் திறந்தார். நேற்று எடுத்ததைப் போட்டுப் பார்த்தால் மூன்று மடிப்பு. மறுநாளே ஊசியை வாங்கிக்கொண்டு கையில் நோட்டைக் கொடுத்துவிட்டார்கள்.

ஒரே காட்சியை நாலு நாள் துண்டு துண்டாக எடுப்பார்கள். முதல் நாள் இடது கையில் இருந்த டம்ளர் நாலாம் நாள் வலது கைக்குப் போனால், படம் பார்க்கிறவன் சிரிப்பான். டம்ளர் எந்தக் கையில், அதில் தண்ணீர் எவ்வளவு, மேசையில் சாவி எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது என்று எழுதி, போட்டோ எடுத்து வைப்பதுதான் கன்டினியூட்டி வேலை. அக்கா அதைக் கண்ணால் செய்தாரா மூச்சால் செய்தாரா என்று தெரியாது. வீட்டிலும் அதே கதைதான். அவர் புருஷன், யூனிட் வேன் ஓட்டினவர், சொல்வார்: "இவகிட்ட பொய் சொல்லிப் பிழைக்க முடியாதுப்பா. போன வருஷம் சொன்ன பொய்யில எந்த இடத்துல இருமினேன்னு கேப்பா."

அந்த டிரைவர் தொடர்ந்து மூணு நாள் நாலு மணி நேரத் தூக்கத்தில் வண்டி ஓட்டி, நாலாம் நாள் விடியற்காலையில் ஆட்களை ஏற்றப் போகிற வழியில் கண்ணசந்துவிட்டார். வேனில் வேறு யாரும் இல்லை. எதிரே ஒரு மரம் மட்டும் இருந்தது. வலது கால் முட்டிக்குக் கீழே போனது. 'ஓட்டுநரின் கவனக்குறைவு' என்று கம்பெனி எழுதி அனுப்பிய காகிதத்தை அக்கா ஒரு தடவை படித்தார். அதுவரை சங்கக் கூட்டத்துக்கு எட்டிப் பார்க்காதவர், அன்றைக்கு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். "இந்தக்காவைப் பேச்சுவார்த்தைக் குழுவுல போடுங்கப்பா, ஒரு வார்த்தை மறக்க மாட்டாங்க" என்று எழுந்து நின்று சொன்னதே ஃபியூஸ்தான். நானே கூட்டிக்கொண்டு போய் நாற்காலி போட்டுக் கொடுத்தேனே என்பது அவர் ஆத்திரத்தில் பாதி.

பேச்சுவார்த்தை ஒரு வாடகைக் கட்டடத்தின் நாலாவது மாடியில் நடந்தது. நீள மேசை. ஏ.சி. காற்று சங்கத்துக்காரர்கள் பிடரியில் மட்டும் அடித்தது. வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள் என்று ஃபியூஸ் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகிப் பார்த்துத்தான் குடிப்பார். எதிர்ப்பக்கத்து வக்கீல் எப்போதும் சிரித்த முகம். "அந்தாளு கை குடுத்தா, திரும்பி வந்ததும் விரல் அஞ்சும் இருக்கான்னு எண்ணிக்கணும்" என்பார் ஃபியூஸ்.

வக்கீலுக்குப் பக்கத்தில் மேனேஜர். அப்போது படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்த கம்பெனியின் தயாரிப்பு மேனேஜர். முப்பது வருஷத்துக்கு முன்னால் அவரும் தோளில் கேபிள் சுமந்த லைட்மேன்தான். பிறகு அந்தப் பக்கம் தாவிவிட்டார். பழைய உரிமையில் ஃபியூஸை 'மாப்ள' என்பார்.

"என்ன மாப்ள, பத்து மணி நேரம் தூங்கி என்ன பண்ணப் போற? கனவுலயும் லைட்டுதானே வைக்கப் போற."

"நாங்க தூங்கினா உங்களுக்கு ஏன் சார் தூக்கம் போகுது?"

"எனக்கு எங்கடா தூக்கம்? உன் சங்கம் மத்தியானம் ஒரு பேச்சு, சாயங்காலம் ஒரு பேச்சு."

அக்கா இதிலெல்லாம் வாய் திறக்க மாட்டார். மேசையின் கடைசியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருப்பார்.

கெடுவுக்கு முந்தின நாள் மத்தியானம், பேச்சு ஒன்பதில் வந்து நின்றிருந்தது. மறுநாள் காலை பத்து மணிக்குள் கையெழுத்து ஆகாவிட்டால் நண்பகல் முதல் வேலைநிறுத்தம் என்று சங்கம் சொல்லியிருந்தது. குழுவின் ஏழு பேரும் சாயங்காலம் ஸ்டூடியோவில் ஒரு மேக்கப் அறையில் கூடி, கதவைத் தாழ் போட்டுக்கொண்டார்கள். சுற்றிலும் கண்ணாடி. ஏழு பேர் பதினாலு பேராகத் தெரிந்தார்கள். ஃபியூஸுக்கு அதுவே பிடிக்கவில்லை.

சங்கச் செயலாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே விஷயத்தைப் போட்டு உடைத்தார். கேமராக்காரர்களும் மேக்கப்காரர்களும் கூடச் சேர்ந்து நிற்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். தனியாக நின்றால் மூன்று நாள் தாங்காது. அதனால் வேலைநிறுத்தம் கிடையாது. கடைசி நிமிஷம் வரை மிரட்டிப் பார்ப்பது, மசியாவிட்டால் ஒன்பதுக்குக் கையெழுத்துப் போடுவது.

"இது இந்த ரூமைத் தாண்டக் கூடாது" என்றார் செயலாளர். "பொண்டாட்டிகிட்டகூட வாயத் திறக்காதீங்க."

"எனக்கு அந்தப் பயமில்ல. அவ என்னைப் பேச விட்டாத்தானே" என்றார் ஃபியூஸ்.

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே எதையோ எழுதினார். அதை ஃபியூஸ் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அவர் தளத்துக்குப் போனார். அன்றைய படப்பிடிப்பு முடிந்தது என்று பேக்கப் சொல்லிவிட்டார்கள். ஆட்களைச் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மூடியிருந்த டீக்கடைக் கூரைச் சாய்ப்பின் கீழே நின்று ஒரு பீடி பற்ற வைத்தார். அரை மணி போல ஆகியிருக்கும். மழை பிடித்துக்கொண்டது. மேனேஜரின் கார் தளத்து வாசலில் நின்றுகொண்டிருந்தது. அக்கா தலைக்கு மேல் பையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து அதன் முன் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். கண்ணாடியெல்லாம் தண்ணீர். உள்ளே இரண்டு பேரும் பேசுகிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது.

மறுநாள் காலையில் வக்கீல் பேனா மூடியைக்கூடத் திறக்கவில்லை. "ஒன்பது நேத்தைய பேச்சு. இன்னைக்கு எட்டு. பிடிக்கலைன்னா தாராளமா வேலைநிறுத்தம் பண்ணுங்க, நாங்க தடுக்கல" என்றார். மேனேஜர் அன்றைக்கு 'மாப்ள' என்று கூப்பிடவில்லை. ஃபியூஸை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். எட்டுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கி வந்தார்கள்.

மாடிப்படி முடிவதற்குள் ஃபியூஸ் தான் பார்த்ததைச் சொல்லிவிட்டார்.

விசாரணை சங்க ஆபீஸில் நடந்தது. நோட்டைக் கொடு என்றார்கள். அக்கா மறு பேச்சில்லாமல் கொடுத்தார். மேக்கப் அறைக் கூட்டத்தன்று தேதி போட்டு இப்படி எழுதியிருந்தது: 'செயலாளர், இரண்டாம் பொத்தான் திறந்து. இடது கை, டம்ளர் பாதி. ஃபியூஸ், வலது காதில் பீடி. நாற்காலி எட்டு, ஒன்று காலி.' பக்கம் பக்கமாக இதேதான்.

"என்னம்மா இது?"

"பழக்க தோஷம். கை சும்மா இருக்காது."

"எட்டுன்னு எழுதியிருக்கு பாருங்கப்பா!" என்று ஒருவர் துள்ளினார். அவ்வளவுதான். ஒரு மணி நேரம் அந்த நோட்டைத் தலைகீழாகப் புரட்டினார்கள். பாதி டம்ளர் என்றால் பாதிப் பேர் எதிர்ப்பு. திறந்த பொத்தான் என்றால் செயலாளர் இறங்கி வருவார். பீடிக்கு மட்டும் அர்த்தம் கிடைக்கவில்லை. ஃபியூஸ், "அது நான் சீக்கிரம் பத்திக்குவேன்னு அர்த்தம்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

"மேனேஜர் கார்ல ஏறினீங்களா இல்லியா?"

"ஏறினேன். மழை. பஸ்ஸு போயிடுச்சு."

"என்ன பேசினீங்க?"

"வீட்டுக்காரர் கால் எப்படி இருக்குன்னு கேட்டார். வலி குறைஞ்சிருக்குன்னேன். நாளைக்கு வேலை நடக்கும் போல இருக்கேன்னார். செயலாளரைக் கேளுங்கன்னேன்."

"அவர் ஏன் அப்படிக் கேக்கணும்?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன். மத்தியானம் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தவர், நான் ஏறும்போதே விசிலடிச்சுட்டு இருந்தார்."

விசிலை யாரும் கூட்டக் குறிப்பு எழுதும் மினிட்ஸ் புத்தகத்தில் எழுதவில்லை. 'குழுவின் ரகசியத்தை எதிர்த்தரப்புக்குக் கொடுத்ததாக நம்ப இடமுள்ளது' என்று எழுதி, அக்காவின் சங்க அட்டையை இரண்டு வருஷம் நிறுத்தி வைத்தார்கள். அட்டை இல்லாமல் எந்தத் தளத்திலும் கால் வைக்க முடியாது. புருஷனுக்குக் கால் போனதே தூக்கமில்லாமல்தானே, அவள் போய் ஏன் விற்கப் போகிறாள் என்று ஃபியூஸின் பொண்டாட்டி கேட்டாள். "புருஷனுக்குக் கம்பெனி ஏதாச்சும் செஞ்சிருக்கும்" என்றார் அவர். "என்ன செஞ்சுது, புதுக் கால் முளைக்க வச்சுதா?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். பதில் இல்லாத இடத்தில் அவருக்குக் கோபம்தான் வரும்.

இரண்டு வருஷமும் அக்கா பஸ் நிலையத்தில், பயணிகள் தவறவிட்ட சாமான்களைப் பாதுகாக்கிற கவுன்டரில் வேலை பார்த்தார். அங்கே அவருக்கு நல்ல பெயர். குடை கேட்டு வருகிறவனிடம், "பிடியில பல் தடம் இருக்குமே, அதா?" என்பாராம். அவன் வெட்கத்தோடு வாங்கிக்கொண்டு போவானாம்.

அட்டை திரும்பக் கிடைத்துத் தளத்துக்கு வந்தபோது, ஃபியூஸ் ஒரு காரியம் செய்தார். கன்டினியூட்டி பார்க்கிறவர்கள் இருட்டில் உட்கார்ந்து எழுத வேண்டும். அவர்கள் மேசைக்கு லைட்மேன்கள் ஒரு சின்ன விளக்கு இழுத்துக் கொடுப்பார்கள். சட்டம் கிடையாது, ஒரு மரியாதைதான். "அந்தம்மா மேசைக்கு ஒயர் போகக் கூடாது" என்று தன் ஆட்களிடம் சொல்லிவிட்டார். அக்கா கேட்கவில்லை. டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு எழுதினார். ஒன்பது வருஷம் அப்படித்தான் எழுதினார். அவர் குனிந்து எழுதும்போதெல்லாம், யாருக்கு எழுதுகிறாளோ என்று ஃபியூஸுக்குத் தோன்றும்.

காலம் சும்மா இருக்குமா? பழைய செயலாளர் ஓய்வு பெற்றார். சண்டைக்கு அஞ்சாதவன் என்று ஃபியூஸை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஒப்பந்தம் முடிந்து மறுபடியும் பேச்சுவார்த்தை வந்தது. மறுபடியும் பத்து மணி நேரம்தான். திங்கட்கிழமை முதல் அமர்வு, அதற்கு முந்தின ஞாயிறு பொதுக்குழு. அந்த ஞாயிறுக்கு முந்தின புதன்கிழமை டிரைவரிடம் இருந்து போன் வந்தது. "அக்கா உன்னை வரச் சொல்றா. வேலையை விட்டுட்டா, தெரியுமில்ல?"

போனை வைத்ததில் இருந்து ஃபியூஸுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பதினோரு வருஷம் கூப்பிடாதவள் பேச்சுவார்த்தைக்கு அஞ்சு நாள் இருக்கும்போது ஏன் கூப்பிடுகிறாள்? யார் கூப்பிடச் சொன்னது?

"போய்ப் பாத்துட்டு வாங்க. விஷமா வைக்கப் போறாங்க?" என்றாள் பொண்டாட்டி.

"டீ குடிக்க மாட்டேன்."

"ஆமா, உங்களை மயக்கி உங்க சொத்தெல்லாம் எழுதி வாங்கிக்கப் போறாங்க. அந்த ஓட்டை ஸ்கூட்டரையும் சேத்து."

அக்கா வீடு மூணாவது மாடி. டிரைவர்தான் கதவைத் திறந்தார். செயற்கைக் காலைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, ஊன்றுகோலில் நின்றார்.

"வாய்யா ஃபியூஸு. மெயின் சுவிட்சே நேரா வீட்டுக்கு வந்துருக்கு!"

"நல்லா இருக்கீங்களா மாமா?" என்றார். அக்காவின் புருஷனை மாமா என்று கூப்பிட்ட பழைய பழக்கம், வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சின்னக் கூடம். சுவரோரம் அட்டைப் பெட்டிகள், ஒவ்வொன்றின் மேலும் நாடா ஒட்டி வருஷமும் படத்தின் பெயரும். ஜன்னலை ஒட்டி மேசை, அதில் தட்டு அகலத்துக்கு ஒரு பூதக்கண்ணாடி. அக்கா எழுந்து நின்றார். ஆனால் ஃபியூஸின் முகத்தைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து, ஓரக் கண்ணால் அவர் தோளைப் பார்த்தார். கள்ளப் பார்வை என்று ஃபியூஸ் மனசுக்குள் குறித்துக்கொண்டார்.

"நேரா பாத்தா நீ தெரிய மாட்ட தம்பி" என்றார் அக்கா. "நடுவுல கறுப்பா ஒரு வட்டம் விழுந்திருச்சு. ஓரத்துலதான் உலகம் இருக்கு. உக்காரு."

உட்கார்ந்தார். டீ வந்தது. தொடவில்லை.

"குடிய்யா, அதுல ஒண்ணும் கலக்கல. சர்க்கரைகூடக் கலக்கல, எனக்கு ஆகாது" என்றார் டிரைவர்.

அக்கா மேசையில் தடவி ஒரு போட்டோவை எடுத்து நீட்டினார். "பெட்டியெல்லாம் கம்பெனிக்கே குடுத்துரப் போறேன். இதை மட்டும் எடுத்து வச்சேன். இது எந்தத் தளம் சொல்லு."

ஃபியூஸ் வாங்கிப் பார்த்தார். ஆள் இல்லாத தளம். சாப்பாட்டு மேசை போட்ட செட். விளக்குகள் எல்லாம் உறை போட்டுத் தலை குனிந்து நின்றன. "எட்டு மணி நேரம் கையெழுத்தாச்சே, அந்தப் படம்."

"எந்த நாள்?"

"நாள் எப்படித் தெரியும்? எத்தனையோ நாள் எடுத்தோம்."

"மேசை மேல பாரு. கட்டுத்துணி, பாதி வெட்டினது. பக்கத்துல கத்தரிக்கோல். ஹீரோவுக்குக் கைல கட்டுப் போட்ட காட்சியை எடுத்த அன்னைக்கு சாயங்காலம். மறுநாள் கையெழுத்தானதும் எடுத்த முதல் ஷாட்டே கட்டை அவுக்கறது. அதனால இது ஒரே ஒரு நாள்தான் இப்படி இருந்திருக்க முடியும். மேக்கப் ரூம்ல கூடினோமே, அந்த நாள். எல்லாரும் போனப்புறம் நான் எடுத்தேன். எடுத்துட்டு வெளிய வந்தேன், மழை பிடிச்சுது."

"சரி. அதுக்கென்ன இப்ப?"

"தரையப் பாரு."

பார்த்தார். தரையில் கேபிள்கள். விசிறி மாதிரி விரிந்து, ஒவ்வொரு விளக்கின் காலுக்கும் ஒன்று, சொருகினது சொருகினபடி.

வேறு யாருக்காவது அது வெறும் ஒயர். அந்தத் தொழிலில் இருக்கிறவனுக்கு அது எழுத்து. மறுநாள் அதே இடத்தில் வேலை இருந்தால் கேபிளை அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள். வேலை இல்லை என்றால் ஒவ்வொன்றாகச் சுற்றிக் கட்டி லாரியில் ஏற்றிவிடுவார்கள். நாளைக்கு வேலைநிறுத்தம் என்றால் கேட்கவே வேண்டாம். சாமானைத் தளத்துக்குள் விட்டுவிட்டுப் போனால், கம்பெனிக்காரர்கள் கதவை இழுத்துப் பூட்டிக்கொள்வார்கள். அப்புறம் குடுமி அவர்கள் கையில்.

"மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல எடுத்திருப்பீங்க" என்றார் ஃபியூஸ்.

"சாப்பாட்டு நேரத்துல லைட்டுக்கு உறை போடுவீங்களா?"

பதினோரு வருஷத்துக்கு முந்தின அந்தச் சாயங்காலம் துண்டு துண்டாக வந்து சேர்ந்தது. மேக்கப் அறையில் இருந்து நேராகத் தளத்துக்கு வந்தார். ஆட்கள் பதினாலு மணி நேரம் நின்ற கால்களோடு இருந்தார்கள். "அண்ணே, சுத்திரலாமா?" என்று ஒருவன் கேட்டான். சுற்றி ஏற்ற இரண்டு மணி நேரம் ஆகும். விடிந்தால் மறுபடி இறக்கி விரிக்க வேண்டும், ஏனென்றால் வேலை நடக்கப் போகிறது, அது அவருக்குத் தெரியும். பாவம் பயல்கள், போய்த் தூங்கட்டும். "விட்டுட்டுப் போங்கடா. காலைல பாத்துக்கலாம்" என்றார். தூங்க விட வேண்டும் என்றுதான் சொன்னார்.

"மேனேஜர் தினமும் பேக்கப் ஆனதும் தளத்தை ஒரு சுத்து சுத்துவார்" என்றார் அக்கா. "அவர் கேபிள் சுமந்தவரு. பாத்த உடனே, நாளைக்கு வேலை நடக்கும்னு படிச்சுட்டார். நான் கார்ல ஏறும்போது விசிலடிச்சார்னு சொன்னேன், நீங்க யாரும் எழுதிக்கல."

ஃபியூஸ் போட்டோவைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார்.

"எப்பக் கண்டுபிடிச்சீங்க?"

"திரும்பி வந்த மாசமே. ஒரு காட்சியை மறுபடி எடுக்கணும்னு பெட்டியைத் திறந்தப்ப."

"ஒன்பது வருஷமாத் தெரியும். ஏன் சொல்லல?"

"யார்கிட்ட? நான் காட்டிக் குடுத்தவ. நீ அட்டையப் பிடுங்கினவன். காட்டிக் குடுத்தவ நீட்டற போட்டோவை யாரு வாங்கிப் பாப்பா? அட்டையக் காப்பாத்திக்கப் புளுகறாம்பீங்க. இப்ப எனக்கு அட்டை வேணாம். வேலையே இல்ல."

ஃபியூஸுக்கு உள்ளுக்குள் இருந்த பழைய சந்தேக நாய் அப்போதும் படுக்கவில்லை. திங்கட்கிழமை பேச்சுவார்த்தை. தலைமையில் அவர். ஞாயிற்றுக்கிழமைக்குள் அவரை உடைத்துவிட்டால் யாருக்கு லாபம்?

"மேனேஜர் உங்களைப் பாக்க வந்தாரா?" என்று கேட்டுவிட்டார்.

டிரைவர் ஊன்றுகோலைத் தரையில் தட்டினார். "பாத்தியாடி, நான் சொன்னேன்ல? கழுதைக்குக் காது குத்தினாலும் கழுதைதான்."

"இருங்க" என்றார் அக்கா. ஃபியூஸ் பக்கம் தோளைப் பார்த்துத் திரும்பினார். "வரல. திங்கட்கிழமை உனக்கு எதிர்லதானே உக்காருவார்? நேரா கேளு. நான் சொன்னா நம்பாத, அவர் மூஞ்சியைப் பாரு. மூஞ்சியைப் பாக்கற வேலை இனி என்னால ஆகாது."

கையெழுத்துப் போட்ட அன்றைக்கு மேனேஜர் தன்னைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்தது ஃபியூஸுக்கு ஞாபகம் வந்தது. அக்காவைக் காப்பாற்றத்தான் குனிகிறான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தார். அந்தப் பார்வை அக்கா பக்கம் போகவே இல்லை. நேராக அவர் மேல்தான் விழுந்தது.

டீயை எடுத்து ஒரே மடக்காகக் குடித்தார். ஆறிப்போயிருந்தது.

"அக்கா" என்றார். அந்த வார்த்தையும் பதினோரு வருஷம் கழித்து வந்தது. "நான் ஒரு கடிதம் எழுதிக் குடுத்துடறேன். தப்பு நடந்துபோச்சு, சங்கம் வருத்தப்படுதுன்னு. முத்திரை போட்டு."

"உன் கையெழுத்தை எனக்குத் தெரியாதா? அதைப் படிக்க நல்ல கண்ணு இருக்கறவங்களுக்கே ஆகாது."

"கண்ணுக்கு வேற டாக்டர் பாக்கலாம். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்..."

"தம்பி."

அக்கா கையை நீட்டித் தடுத்தார்.

"டாக்டரெல்லாம் பாத்தாச்சு. அது டார்ச்சு வெளிச்சத்துனால வரலையாம், நீ ராத்திரி அதை நினைச்சுப் புரள வேணாம். பல்லுதான் ரெண்டு ஆடுது, அது உன் கணக்கு." டிரைவர் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. "அந்த மினிட்ஸ் புத்தகத்துல என் பேரு இருக்கு. என் பேருக்குப் பக்கத்துல 'நம்ப இடமுள்ளது'ன்னு இருக்கு. நான் போனாலும் அது அங்கதான் இருக்கும்."

"பொதுக்குழுவுல சொன்னா என்னை நாற்காலியில இருந்து இறக்கிருவாங்கக்கா. மறுநாளே திங்கட்கிழமைப் பேச்சு. நான் இல்லாம புதுசா ஒருத்தன் போய் உக்காந்தா, வக்கீல் அவனை முழுங்கிருவார்."

"இறக்கலாம். இறக்காமலும் இருக்கலாம். நடக்கப் போறதைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. நடந்ததை எழுதி வைக்கறதுதான் என் வேலையா இருந்துச்சு."

கீழே தெருவில் ஒரு லாரி பின்பக்கமாக வந்து நிற்கிற சத்தம் கேட்டது. யாரோ 'வா வா வா' என்று கை தட்டினார்கள். ஃபியூஸ் எழுந்து கதவு வரைக்கும் போனார். செருப்பை மாட்டும்போதுதான் அக்கா சொன்னார், கூடத்தில் நின்றபடி, அவர் தோளைப் பார்த்துக்கொண்டு:

"ஞாயித்துக்கிழமை நாங்க ரெண்டு பேரும் மூணாவது வரிசைல இருப்போம். எனக்கு உன் மூஞ்சி தெரியாது, குரல் கேக்கும். அக்கா மேல தப்பில்லேன்னு நீ சொல்ல வேணாம். மன்னிப்புக் கேக்க வேணாம். மைக்கைப் பிடிச்சு, அன்னைக்குக் கேபிளைச் சுத்தாதீங்கன்னு சொன்னது நான்தான்னு சொல்லு. மிச்சத்தை அவங்களே சேத்துப் பாத்துக்குவாங்க. அதை மட்டும் சத்தமா சொல்லு தம்பி."